விளைபொருள் விற்பனைக்கு இணையவழித் தொலைபேசி: தேர்ந்தெடுக்கும் முறைகள்

(உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உழவியல் கற்பிக்கும் ஒருவர் தொலைபேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நல்ல விதை, சரியான பருவம், அளவான உரம், காலத்தில் களையெடுப்பு என்று விளைச்சலைப் பெருக்கும் வழிகளைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் விளைந்த பொருள் உரிய நேரத்தில் உரிய விலைக்குப் போகாவிட்டால் அத்தனை பாடும் வீணாகும். பழுத்த தக்காளி வியாபாரியின் அழைப்புக்காக இரண்டு நாள் காத்திருக்காது. காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ வரும் ஓர் அழைப்பை யாரும் எடுக்கவில்லையென்றால் அந்த லாரி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே தொலைபேசியும் இன்று வேளாண் கருவிகளுள் ஒன்றுதான். கலப்பையையும் மின்மோட்டாரையும் போலவே இதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்பெனிகள் சட்டத்தில் 2002ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தினால் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்க வழி பிறந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாடெங்கும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அத்திட்டத்தின்படி சமவெளிப் பகுதிகளில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். முந்நூறு குடும்பங்களின் விளைபொருள் ஒரே இடத்தில் சேரும்போது அங்கே வரும் அழைப்புகளும் பெருகும். அவற்றை ஒரே ஒரு கைப்பேசியைக் கொண்டு சமாளிக்க முடியாது.

எண் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்

நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைபேசிக் கருவியைவிடத் தொலைபேசி எண் முக்கியமானது. அந்த எண் தலைவர் பெயரிலோ, செயலாளர் பெயரிலோ, முதன்மைச் செயல் அலுவலர் பெயரிலோ இருத்தல் கூடாது. நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்களில் நடப்பது வேறு. தொடக்கத்தில் ஆர்வத்துடன் ஓடியாடி உழைத்த ஒருவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணையே விளம்பரப் பலகையிலும், பைகளிலும், விலைப்பட்டியலிலும் அச்சிட்டுவிடுகிறோம். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். அவருடன் எண்ணும் போய்விடுகிறது. வியாபாரிகள் அந்த எண்ணைத்தான் அறிவார்கள். அவர்கள் தொடர்ந்து அதற்கே பேசுவார்கள். முந்நூறு பேர் சேர்ந்து உண்டாக்கிய சந்தைத் தொடர்பு ஒருவருடைய சட்டைப்பையில் போய்ச் சேருகிறது. இதில் அவருடைய குற்றம் எதுவுமில்லை. ஏற்பாட்டில் உள்ள குறையே காரணம். எனவே எந்தவகைத் தொலைபேசியை வாங்கினாலும், நிறுவனப் பதிவுச் சான்று, நிறுவனத்தின் வருமானவரிக் கணக்கு எண், இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவற்றைக் கொடுத்து, நிறுவனத்தின் பெயரில் எண்ணைப் பெறுங்கள்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாறும் வசதி 2011ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் உள்ளது. தரைவழித் தொலைபேசி எண்ணுக்கு அத்தகைய வசதி இல்லை. சேவை நிறுவனத்தை மாற்றினால் தரைவழி எண்ணும் மாறிவிடும். ஆகவே, பத்து ஆண்டுகளுக்கு வைத்திருக்கக்கூடிய எண் எது என்று முடிவு செய்த பிறகே பைகளில் அச்சிட வேண்டும்.

இணையவழித் தொலைபேசி என்றால் என்ன?

பழைய தொலைபேசியில் நம் குரல் மின் அலையாக மாறிச் செம்புக் கம்பி வழியே சென்றது. ஒரு கம்பியில் ஒரே நேரத்தில் ஒரு பேச்சுதான் செல்லும். இணையவழித் தொலைபேசியில் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. வழக்கமான முறையில் ஒரு விநாடிக்கு 8,000 முறை குரலை அளந்து எண்களாக்குகிறார்கள். இந்த எண்களை விநாடிக்கு 50 சிப்பங்களாகக் கட்டி, ஒவ்வொரு சிப்பத்தின் மீதும் சேர வேண்டிய முகவரியை எழுதி, இணையத்தில் அனுப்புகிறார்கள். எதிர்முனையில் சிப்பங்களைப் பிரித்து வரிசைப்படுத்தி மீண்டும் குரலாக்குகிறார்கள்.

நெல் மூட்டையில் நிகர எடை வேறு, சாக்குடன் சேர்ந்த மொத்த எடை வேறு என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அப்படியே. குரலின் நிகர அளவு விநாடிக்கு 64 கிலோபிட். முகவரி முதலியவை சேர்ந்து மொத்தம் சுமார் 87 கிலோபிட் ஆகும். பேசும் திசைக்கு இவ்வளவு, கேட்கும் திசைக்கு இவ்வளவு. ஒரு மணி நேரம் பேசினால் இரு திசைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 80 மெகாபைட் செலவாகும். குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளும் உள்ளன. ஜி.729 என்ற முறையில் 87க்குப் பதிலாகச் சுமார் 31 கிலோபிட் போதுமானது. ஆனால் குரலின் தெளிவு சற்றுக் குறையும்.

இதனால் நமக்கு என்ன நன்மை? ஒரே கண்ணாடியிழைக் கம்பியில், ஒரே எண்ணில், ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஐந்து வியாபாரிகளுடன் பேச முடியும். அலுவலகம் ஓரிடத்தில், கொள்முதல் நிலையம் வேறிடத்தில், கிடங்கு மற்றோரிடத்தில் இருந்தாலும் மூன்றும் ஒரே எண்ணின் கிளைகளாக இயங்க முடியும். 2004ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையத்தை எண்ணிப் பாருங்கள். நாடெங்கும் 1800-180-1551 என்ற ஒரே எண்தான். எடுத்துப் பதில் சொல்பவர்களோ பலர். அதே முறையைச் சிறிய அளவில் நம் நிறுவனத்திலும் அமைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இணையவழித் தொலைபேசி 2002ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வரையறைகளுடன் அனுமதிக்கப்பட்டது. அப்போது உள்நாட்டுத் தொலைபேசி எண்களுக்கு இணையத்திலிருந்து பேச அனுமதியில்லை. 2018ஆம் ஆண்டில்தான், உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் இச்சேவையை வழங்கும் வழி தெளிவாக்கப்பட்டது.

நான்கு வகைகள்

சந்தையில் பலவிதப் பெயர்களில் விற்கப்பட்டாலும் நமக்குப் பயன்படக்கூடியவற்றை நான்கு வகைகளில் அடக்கிவிடலாம்.

முதல் வகை, கைப்பேசிச் செயலிகள். வாட்ஸாப் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இணையச் செலவு தவிர வேறு செலவில்லை. ஆனால் எதிரில் இருப்பவரிடமும் அதே செயலி இருக்க வேண்டும். மண்டிக் கடையின் தரைவழித் தொலைபேசிக்கு இதிலிருந்து பேச இயலாது. இதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். முதன்மைத் தொலைபேசியாகக் கொள்ளக்கூடாது. வணிகர்களுக்கான வாட்ஸாப் செயலியை நிறுவனத்தின் எண்ணிலேயே பதிவு செய்ய வேண்டும். தரைவழி எண்ணிலும் பதிவு செய்யலாம். உறுதிப்படுத்தும் குறியெண் குரல் அழைப்பாக வரும்.

இரண்டாம் வகை, கண்ணாடியிழை இணைய இணைப்புடன் சேர்ந்து வரும் தொலைபேசி. இணையப் பெட்டியின் பின்புறத்தில் தொலைபேசிக்கென்று ஒரு துளை இருக்கும். அதில் சாதாரணத் தொலைபேசிக் கருவியைச் செருகிப் பேசலாம். பார்வைக்குப் பழைய தொலைபேசி போலிருந்தாலும் இதுவும் இணையமுறையில் இயங்குவதே. தொடக்க நிலையில் உள்ள, நாளொன்றுக்குச் சில அழைப்புகளே வரும் நிறுவனங்களுக்கு இதுவே போதும்.

மூன்றாம் வகை, இணையத்துடன் நேரடியாக இணையும் மேசைத் தொலைபேசிகள். இவற்றைக் கட்டுப்படுத்த ஒரு சிறிய இணைப்பகம் தேவை. அதை அலுவலகத்திலேயே வைக்கலாம். ஆஸ்டெரிஸ்க் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு சிறிய கணினியிலேயே இணைப்பகத்தை அமைக்க முடியும். ஆனால் பழுது ஏற்பட்டால் சரிசெய்யத் தெரிந்த ஆள் அருகில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத ஊரில் இம்முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான்காம் வகை, இணைப்பகத்தைச் சேவை நிறுவனமே தன் கணினிகளில் வைத்து நடத்துவது. நமக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு, நாம் குறிப்பிடும் மேசைத் தொலைபேசிகளிலும் கைப்பேசிகளிலும் ஒலிக்கும். நம் அலுவலகத்தில் மின்சாரம் இல்லாவிட்டாலும், இணையம் அறுந்துவிட்டாலும் அழைப்பு கைப்பேசிக்குப் போய்விடும். அழைப்புகள் மிகுந்த, மூன்று நான்கு இடங்களில் பணி நடக்கும் நிறுவனங்களுக்கு இதுவே ஏற்றது. மாத வாடகை உண்டு.

எத்தனை தடங்கள் தேவை?

ஒரே நேரத்தில் எத்தனை பேச்சுகள் நடக்க முடியும் என்பதை விற்பவர்கள் ‘சேனல்’ என்பார்கள். நாம் தடம் என்று சொல்வோம். தடங்கள் கூடினால் வாடகையும் கூடும். எத்தனை தடங்கள் வாங்குவது?

ஒரு கணக்குப் பார்ப்போம். அறுவடைப் பருவத்தில் காலை 6 மணி முதல் 7 மணி வரை 40 அழைப்புகள் வருகின்றன என்றும், ஒவ்வொருவரும் சராசரி 3 நிமிடம் பேசுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. ஒரு மணிக்கு 60 நிமிடம் ஆதலால் இரண்டு தடங்கள் போதும் என்று தோன்றும். அது தவறு. அழைப்புகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை. மழைபோல ஒரு சமயம் கொட்டும், ஒரு சமயம் ஓயும்.

இந்தக் கணக்குக்கு டென்மார்க் நாட்டைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1917ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் வகுத்தார். தொலைபேசித் துறையினர் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர். அதன்படி மேற்சொன்ன 40 அழைப்புகளுக்குக் கிடைக்கும் விடை இது:

2 தடங்கள் இருந்தால் 100 அழைப்புகளில் 40 உள்ளே வர இயலாமல் திரும்பும்.
3 தடங்கள் இருந்தால் 21 திரும்பும்.
4 தடங்கள் இருந்தால் 9 அல்லது 10 திரும்பும்.
5 தடங்கள் இருந்தால் ஏறத்தாழ 4 திரும்பும்.
6 தடங்கள் இருந்தால் ஒன்றுதான் திரும்பும்.

ஆகவே இந்நிறுவனத்துக்கு ஐந்து தடங்கள் பொருத்தமானவை. ஆனால் தடம் இருந்தால் மட்டும் போதாது. எடுத்துப் பேச ஆளும் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காவது எடை போடுபவர், கணக்கர், இயக்குநர் எனப் பலருடைய கருவிகளிலும் அழைப்பு ஒலிக்குமாறு அமைக்க வேண்டும். வாங்குமுன் ஒரு வாரம் அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த மணியில் எத்தனை அழைப்புகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் இடலாகாது என்பதைப் போல, இந்தக் குறிப்பேடு இல்லாமல் தடம் வாங்கலாகாது.

இணைய இணைப்பைச் சோதிக்கும் முறை

கிணற்றின் நீர் இருப்பைப் பார்த்துத்தான் மோட்டாரின் குதிரைத்திறனை முடிவு செய்கிறோம். அதுபோல இணைப்பைச் சோதித்த பின்னரே தொலைபேசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்து தடங்களுக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 435 கிலோபிட் வேண்டும். பாதுகாப்புக்காக இருமடங்கு வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். இன்றைய கண்ணாடியிழை இணைப்புகளுக்கு இது மிகச் சிறிய அளவே. ஆனால் விளம்பரத்தில் காட்டும் வேகம் பெரும்பாலும் நாம் இறக்கிக்கொள்ளும் வேகம். நம் குரல் வெளியே போவதற்கு ஏற்றும் வேகம் வேண்டும். அதைத் தனியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வேகத்தைவிட முக்கியமானவை மூன்று: தாமதம், சீர்மை, இழப்பு. ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமலிருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்துள்ளது. அதற்கு மேற்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, மீண்டும் இருவரும் பேசுவர். விலை பேசும்போது இது பெரும் இடைஞ்சல். மலைக் கிராமங்களில் செயற்கைக்கோள் வழி இணைப்புப் பெற்றிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், குரல் மேலே சென்று கீழே வருவதற்கே ஏறத்தாழக் கால் விநாடி ஆகிவிடும். அந்த இடங்களில் கைப்பேசிக் கோபுரம் எட்டுமானால் சாதாரணக் கைப்பேசியே மேல்.

சிப்பங்கள் ஒரே சீராக வராமல் சில முந்தியும் சில பிந்தியும் வந்தால் குரல் நடுங்கும். பிந்தி வருவதற்காகக் கருவி சிறிது நேரம் காத்திருக்கும். அதற்குள் வராதவற்றைக் கழித்துவிடும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழப்பு ஏற்பட்டால் பேச்சு தேயத் தொடங்கும். ‘எண்பது’ என்பது ‘ஒன்பது’ என்று கேட்டால் கிலோவுக்கு எவ்வளவு நட்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சோதனை எளிது. கணினியில் ‘பிங்’ என்ற கட்டளையைக் கொடுத்து நூறு சிப்பங்களை அனுப்பிப் பாருங்கள். போய்த் திரும்பும் நேரம் 100 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். நூறில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. கணினி இல்லாதவர்கள் வேறொரு முறையைக் கையாளலாம். இருவர் இரு முனைகளில் அமர்ந்து, ஒருவர் ஒன்று என்றும், அதைக் கேட்டவுடன் மற்றவர் இரண்டு என்றும் மாறி மாறி இருபது வரை எண்ண வேண்டும். தடங்கலின்றி, நேரில் எண்ணுவதுபோல எண்ண முடிந்தால் இணைப்பு நன்று. இச்சோதனையை நண்பகலில் மட்டும் செய்து முடித்துவிடாதீர்கள். காலை 6 மணிக்கும், ஊரெல்லாம் படம் பார்க்கும் இரவு 8 மணிக்கும், மழை பெய்யும் நாளிலும் செய்யுங்கள்.

அலுவலகத்திலேயே ஒருவர் படம் பார்த்தாலும் குரல் கெடும். இணையப் பெட்டியில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு அதைச் செயற்படுத்தச் சொல்லுங்கள். கடைமடைக்கு முதலில் நீர் விடுவதைப் போன்ற ஏற்பாடு இது. மேசைத் தொலைபேசியை வைஃபை மூலம் இணைப்பதைவிடக் கம்பி மூலம் இணைப்பதே சிறந்தது.

மின்தடைக்கு ஏற்பாடு

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வந்தது. அதனால் ஊரே இருட்டாக இருந்தபோதும் அது பேசியது. கண்ணாடியிழை ஒளியை மட்டுமே கொண்டுவரும்; மின்சாரத்தைக் கொண்டுவராது. நம் அலுவலகத்தில் மின்சாரம் போனால் இணையப் பெட்டி அணையும், தொலைபேசியும் அணையும். விற்பவர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. இணையப் பெட்டியும் ஒரு மேசைத் தொலைபேசியும் சேர்ந்து சுமார் 15 வாட் எடுத்துக்கொள்ளும் எனக் கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி உள்ளது. ஈயமின்கலத்தைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நமக்குக் கிடைப்பது 42 வாட்-மணி. மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி மின்கலமாக இருந்தால் ஏழு மணி நேரம் தாங்கும். பெரும்பாலான இணையப் பெட்டிகள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குவதால், அதற்கேற்ற சிறிய யூ.பி.எஸ். கருவியை நேரடியாக இணைக்கலாம். வாங்குமுன் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் படித்துப் பாருங்கள்.

நம்மிடம் மின்சாரம் இருந்தாலும் வழியில் கம்பி அறுந்துவிடலாம். ஆகவே, இணைப்பு இல்லாதபோது அழைப்பு தானாகக் கைப்பேசிக்குத் திரும்புமாறு அமைக்க வேண்டும். இந்த அமைப்பு நம் பெட்டியில் இருந்தால் பயனில்லை, பெட்டியே அணைந்திருக்கும். சேவை நிறுவனத்தின் இணைப்பகத்தில் இருக்க வேண்டும். பணம் கட்டுமுன் விற்பவர் எதிரிலேயே பெட்டியை அணைத்து, உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். கைப்பேசி ஒலித்தால் வாங்குங்கள்.

கோடை இடி மின்னலின்போது மின்னிணைப்பைக் கழற்றி, மின்கலத்தில் இயக்குவது கருவிகளுக்குப் பாதுகாப்பு.

செலவுக் கணக்கு

மாத வாடகையை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எண்ணுக்கு வாடகை, ஒவ்வொரு தடத்துக்கும் வாடகை, ஒவ்வோர் ஆளின் கிளைக்கும் வாடகை, வெளியே பேசும் நிமிடக் கட்டணம், உள்ளே வரும் அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்புவதற்கான கட்டணம், முன்வைப்புத் தொகை, கருவியின் விலை, 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ஆகிய அனைத்தையும் சேர்த்து ஓராண்டுச் செலவாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று நிறுவனங்களிடம் இவ்வாறு பெற்று ஒப்பிட வேண்டும். திருப்புவதற்கான கட்டணத்தைப் பலரும் கேட்பதில்லை. அறுவடைப் பருவத்தில் அதுவே பெருந்தொகையாகும்.

எல்லையற்ற பேச்சு என்று சொல்லும் திட்டங்களில், தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா எனப் படித்துப் பாருங்கள். அழைப்பவருக்குக் கட்டணமில்லாத 1800 எண் பார்வைக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அதன் கட்டணம் முழுவதும் நம்மையே சேரும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் எல்லையற்ற பேச்சுத் திட்டம் வைத்திருக்கும் ஊரில் அது வீண் செலவு.

கருவி வாங்கும்போது எஸ்.ஐ.பி. என்னும் பொதுமுறையில் இயங்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். அப்படிப்பட்ட கருவியைச் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் பயன்படுத்தலாம். ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்ட கருவி, மாறும் நாளில் குப்பைக்குத்தான் போகும்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்திய எண்ணை உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடமிருந்தோ, அதன் அங்கீகாரம் பெற்ற முகவரிடமிருந்தோ மட்டுமே பெற வேண்டும். எண்ணைத் தரும் உரிமதாரர் யார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பலருக்கும் ஒரே நேரத்தில் விளம்பர அழைப்பு விடுவதற்குத் தனி விதிகள் உள்ளன. 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி முன்பதிவு செய்து, 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் அவ்வாறு அழைக்க வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூட்டமாக அழைத்தால், பெறுபவர் 1909இல் புகார் செய்யலாம். நம் இணைப்பே துண்டிக்கப்படலாம்.

கருவியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். மாற்றாத கருவிகளை இணையத்தில் தேடிப் பிடித்து, இரவோடிரவாக வெளிநாடுகளுக்குப் பேசி, பட்டியலை நம் தலையில் கட்டும் கூட்டங்கள் உலகெங்கும் உள்ளன. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத நிறுவனங்கள் அதை அடைத்துவிட வேண்டும். முன்பணம் கட்டிப் பேசும் திட்டமும் இழப்புக்கு ஓர் எல்லை கட்டும்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டால் மாதம் இவ்வளவு வாடகை தருகிறோம், சில சிம் அட்டைகளும் வேண்டும் என்று யாராவது வந்தால் இடம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து இணையவழி வரும் அழைப்புகளை உள்ளூர் அழைப்புகளாக மாற்றும் கள்ள இணைப்பகம் அது. அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறையும், இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சரக்கு வாங்குபவர் போலப் பேசி, முன்பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கட்டத்தை ஒளிப்படம் எடுத்து இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்பாரும் உண்டு. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். விபத்து, தீ போன்ற ஆபத்து நேரத்தில் 112ஐக் கைப்பேசியிலிருந்தே அழையுங்கள்; மின்தடை, இணையத்தடை இரண்டுக்கும் கட்டுப்படாத வழி அதுவே.

பயன்படுத்தும் முறை

நல்ல கருவியை வாங்கிய பிறகும் பழக்கம் சரியாக இல்லையென்றால் பயனிராது. பதிவுக் குரல் வரவேற்பு வைப்பதாயின் தமிழில், மூன்று தேர்வுகளுக்கு மேற்படாமல் வையுங்கள். விற்பனைக்கு ஒன்று, உறுப்பினர் கொள்முதலுக்கு இரண்டு, இடுபொருளுக்கு மூன்று என்றால் போதும். எதையும் அழுத்தாதவர்களுக்கு நேரே ஆள் பேச வேண்டும். நம் மூத்த உறுப்பினர்கள் பலர் இயந்திரத்தின் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள்.

எடுக்கப்படாத அழைப்புகளின் பட்டியலை இணைப்பகம் வைத்திருக்கும். அதை நாள்தோறும் இருமுறை பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அழைப்பதை ஒருவருடைய கடமையாக்குங்கள். வாரக் கூட்டத்தில் எத்தனை அழைப்புகள் தவறின என்பதையும் ஒரு பொருளாக வையுங்கள்.

உரையாடலைப் பதிவு செய்யும் வசதியிருந்தால் எதிரிலிருப்பவரிடம் சொல்லிவிட்டே பதிவு செய்ய வேண்டும். எப்படியிருப்பினும், பேசி முடித்த அளவு, தரம், விலை, வண்டி வரும் நேரம் ஆகியவற்றை உடனே எழுத்துச் செய்தியாகவும் அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். வாய்ப்பேச்சுக்கு மறதி உண்டு, எழுத்துக்கு இல்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எண் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்.
2. ஒரு வாரக் குறிப்பேட்டைக் கொண்டு தடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.
3. காலை, இரவு, மழைநாள் ஆகிய மூன்று வேளைகளிலும் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.
4. மின்கலம் குறைந்தது நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். தடையின்போது அழைப்பு கைப்பேசிக்குத் திரும்ப வேண்டும்.
5. ஓராண்டு முழுச் செலவையும் எழுத்தில் பெற வேண்டும்.
6. கருவியின் அழகையும் வசதிகளையும் கடைசியாகப் பார்த்தால் போதும்.

உழவர் பெருமக்களே! சந்தையில் நம் பொருளுக்கு ஒரு பெயர் உண்டாகப் பல பருவங்கள் ஆகின்றன. அந்தப் பெயரைத் தேடி வருகிறவர் முதலில் தட்டும் கதவு நம் தொலைபேசி எண்தான். அந்தக் கதவு நிறுவனத்தின் வீட்டில் இருக்க வேண்டும். இருட்டிலும் மழையிலும் திறக்க வேண்டும். அடுத்த அறுவடைக்கு முன்பாகவே உங்கள் இயக்குநர் குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.